மாமா சேர்த்த பற்கள்

என் மாமாவின் பற்களில் ஒரு குறையும் இருந்ததில்லை. சோடாப் போத்தலின் மூடியைக் கடித்தே திறப்பார். கரும்பு உரிக்கக் கத்தி தேடமாட்டார். விருந்து வீடுகளில் அவர் ஆட்டெலும்பை ஒரு கை பார்க்கும்போது, பக்கத்தில் இருப்பவர்கள் தங்கள் சாப்பாட்டை மறந்து அவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்படிப்பட்ட மனிதர், சுனாமிக்குப் பிறகு நாங்கள் இருந்த முகாமுக்குப் பல் வைத்தியக் கூடாரம் ஒன்று வந்தபோது, பொக்கை வாய்க் கிழவர்களுக்கு நடுவில் போய் வரிசையில் நின்றார்.

இவருக்கு என்ன பிடித்துவிட்டது என்று முகாமே கேட்டது. எனக்கும் விளங்கவில்லை. நான் அப்போது பள்ளிக்கூடத்தில் ஆண்டு ஒன்று. உண்மையைச் சொன்னால், அந்தக் காலத்தில் எனக்கு விளங்கிய விஷயங்கள் குறைவு. பெரியவர்கள் விளக்கிச் சொன்ன விஷயங்கள் அதைவிடக் குறைவு. கேட்டால், "போய் விளையாடு புள்ள" என்பார்கள். விளையாட இடம் இருக்கிறதா என்று யாரும் பார்க்கமாட்டார்கள்.

மாமா அம்மாவின் தம்பி. கல்குடாக் கரையில் காலையில் மீன் வாங்கி, மோட்டார் சைக்கிளின் பின்னால் ஐஸ் பெட்டி கட்டி, வயல் பக்கத்து ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்பது அவர் தொழில். என் அப்பா கட்டாரில் லொறி ஓட்டிக்கொண்டிருந்ததால், எங்கள் வீட்டில் ஆம்பிளை என்று சொன்னால் அது மாமாதான். அவருக்கும் மாமிக்கும் பிள்ளை இல்லை. ஆகவே என்னைக் கெடுக்கும் உரிமை முழுவதும் அவர்களிடமே இருந்தது. மாமிக்கு மேல் வரிசையில் ஒரு தெத்துப்பல். சிரித்தால் அது மட்டும் முதலில் எட்டிப் பார்க்கும். அதற்காகவே அவளைச் சிரிக்க வைப்பேன்.

கடல் வந்த அன்று மாமா வயல் ஊரில் மீன் விற்றுக்கொண்டிருந்தார். அம்மாவும் நானும் கோயிலடியில் நின்றதால் ஓடித் தப்பினோம். மாமி வீட்டில் இருந்தாள். வீடு இருந்த இடத்தில் கிணற்றுக் கட்டு மட்டும் மிஞ்சியது. மாமா பல நாள் தேடினார். பிணங்களைக் கிடத்தியிருந்த ஆஸ்பத்திரி வளவுக்கும் போனார். திரும்பி வந்தபோது மாமி கிடைத்தாள் என்றும் சொல்லவில்லை, கிடைக்கவில்லை என்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் கரைப்பக்கம் போகவேயில்லை. போயிருந்தாலும் மீன் விற்றிருக்க முடியாது. அந்த மாதங்களில் எங்கள் பக்கத்தில் யாரும் மீன் தின்னவில்லை. ஏன் என்று கேட்டதற்கு எனக்கு அடி விழுந்தது.

பல் வைத்தியக் கூடாரத்தில் ஒரு வெள்ளைக்கார டொக்டரம்மா இருந்தார். அவரோடு மட்டக்களப்பு நகரத்திலிருந்து, ஐரோப்பியர் வழிவந்த ஒரு பறங்கி ஐயா வந்திருந்தார். பல்லுக் கட்டுவது அவர் பரம்பரைத் தொழில். கட்டியிருந்த பல்லைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுக் கஞ்சியும் பருப்புமாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்த கிழடுகள் அத்தனை பேரும் அங்கே கூடிவிட்டார்கள். மாமாவின் முறை வந்ததும் பறங்கி ஐயா வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்.

"இந்த வாய்க்குப் பல்லுக் கட்டுறதெண்டா, இரிக்கிற பல்லெல்லாம் நான் முதல்ல கழட்டோணும். நீ என்னத்துக்கு தம்பி இஞ்ச நிக்கிறாய்?"

"எனக்கில்ல ஐயா. என்ட அக்காக்கும் அவட புள்ளைக்கும் அச்சு மட்டும் எடுத்துத் தந்தாப் போதும்."

"அச்ச வெச்சு என்ன செய்யப் போறாய்?"

"வெச்சிருக்க" என்றார் மாமா.

ஆஸ்பத்திரி வளவைப் பற்றிப் பறங்கி ஐயாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். டொக்டரம்மா சாப்பிடப் போகும் நேரமாகப் பார்த்துக் கூட்டி வரச் சொன்னார்.

அம்மா மறுத்துவிட்டாள். உயிரோடு இருப்பவர்களின் வாயை வெள்ளைச் சாந்தில் வார்த்து வீட்டுக்குள் கொண்டுவந்து வைப்பதா என்று கத்தினாள். "வாய்க்கரிசி போடத்தான் வாய அளந்து வெச்சிரிக்கியா? தூப் போ" என்றாள். மாமா எழுந்து வெளியே போனார். ஆனால் அவர் விடுகிற ஆள் இல்லை. மறுநாள் அம்மா தண்ணீர் வண்டியின் வரிசையில் நின்றபோது, என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கூடாரத்துக்கு நடந்தார்.

கூடாரத்தைக் கண்டதும் நான் அழத் தொடங்கினேன். உள்ளே போய் வந்த கிழவர்களின் முகம் எதுவும் எனக்கு நம்பிக்கை தருவதாக இல்லை. பறங்கி ஐயா ஒரு ரப்பர்க் கிண்ணத்தில் ரோசாப்பூ நிறத் தூளைக் கொட்டித் தண்ணீர் விட்டுக் குழைத்தார். குழைக்கக் குழைக்க அது தடித்துக்கொண்டே வந்தது.

"என்ன சாமான் ஐயா அது?" என்று மாமா கேட்டார்.

"கடல்ல முளைக்கிற பாசில இருந்து எடுக்கிற தூள்தான். சுறுக்கா இறுகிப் போகும்."

கடல் என்றதும் மாமாவின் முகம் மாறியது. தோளில் இருந்த என்னை இறக்கிவிட்டார். திரும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து, என் காதருகே வந்து, நல்ல பொய் சொல்லப் போகிறவரின் குரலில் சொன்னார்:

"இது கடப்பாசிதான் மகள். ஓட்டமாவடி மாமா நோம்புக்குக் கொண்டு தாறாரே, அதேதான். வாயத் திற."

ஓட்டமாவடி மாமா என்பவர் என் மாமாவிடம் மீன் வாங்கும் ஒரு முஸ்லிம் கடைக்காரர். ஒவ்வொரு நோன்புக்கும் அவர் வீட்டிலிருந்து எங்களுக்குக் கடற்பாசி வரும். சிவப்பாகவும் வெள்ளையாகவும் துண்டு துண்டாக வெட்டி, தேங்காய்ப்பால் மணத்தோடு தட்டில் நடுங்கிக்கொண்டிருக்கும். உலகத்தில் அதைவிட நல்ல சாப்பாடு இருப்பதாக எனக்குத் தெரியாது. கடல் வருவதற்கு முந்திய நோன்பில் மாமிக்கும் எனக்கும் அதற்காகச் சண்டை நடந்து, அவள் தன் பங்கையும் எனக்கே தந்திருந்தாள். அழுகையை நிறுத்தி வாயை ஆவென்று திறந்தேன்.

இரண்டும் வேறு வேறு பாசி, வேறு வேறு பொருள் என்பது வளர்ந்த பிறகுதான் எனக்குத் தெரியும். இந்தத் தூளின் பெயர் அல்ஜினேட் என்றும், காயத்துக்குக் கட்டும் துணியிலும், ஐஸ்கிரீமிலும், சீலைக்கு அச்சுக் குத்தும் சாயத்திலும் அது இருக்கிறது என்றும் பிறகு படித்தேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் சாப்பாடு வாய்க்குள் வருகிறது என்பது மட்டும்தான். பறங்கி ஐயா குழைத்ததை ஒரு தகரத் தட்டில் அப்பி என் மேல் பல்லில் அழுத்தினார். அசையாமல் இரு என்றார். நான் மென்றேன். இனிப்பு இல்லை. தேங்காய்ப்பாலும் இல்லை. ஆனாலும் மாமா பொய் சொல்லமாட்டார் என்ற நம்பிக்கையில் பெரிய ஒரு கட்டியை விழுங்கிவிட்டேன்.

அதன் பிறகு நடந்தது பெரிய கூத்து. பறங்கி ஐயா தட்டை இழுத்தால் பாதி அச்சைக் காணோம். "எங்க மிச்சம்? புள்ள, மிச்சம் எங்க?" என்று என் வாய்க்குள் விரலை விட்டார். மாமா என்னைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் அறைந்தார். சோற்றுக் கையோடு டொக்டரம்மா ஓடி வந்தார். வரிசையில் இருந்த கிழவர்கள் தங்களுக்குத் தெரிந்த கை வைத்தியத்தையெல்லாம் சத்தமாகச் சொன்னார்கள். எனக்கு மூச்சு முட்டவும் இல்லை, ஒன்றும் இல்லை. எல்லோரும் என்னை ஏன் அடிக்கிறார்கள் என்றுதான் தெரியவில்லை. கடைசியில் டொக்டரம்மா சிரித்துவிட்டு ஏதோ சொன்னார். விழுங்கினாலும் கெடுதி இல்லை, வந்த வழியில் போகாவிட்டாலும் போகிற வழியில் போய்விடும் என்று பறங்கி ஐயா மொழிபெயர்த்தார். அதற்குள் அம்மா தண்ணீர்க் குடத்தோடு வந்து கூடார வாசலில் நின்றாள்.

எங்கள் கொட்டிலுக்குள் அன்று பின்னேரம் நடந்த சண்டையை நான் பாயில் கிடந்து கேட்டேன். வயிற்றுக்குள் கடற்பாசி இருப்பதால் அசையக்கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டிருந்தேன்.

"உனக்கு விசரா தம்பி? அந்தப் புள்ளையும் செத்திருந்தா என்ன செய்வாய்?" என்றாள் அம்மா.

"அதுக்குத்தானே அக்கா இந்த அச்சக் கேக்கன்."

மாமா தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லத் தொடங்கினார். அவர் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டதில்லை.

"ஆஸ்பத்திரி வளவுக்குள்ள ஒரு ஆளக் காட்டினாங்க. பாத்தன். இல்லெண்டு சொல்லிப் போட்டன். மறுகா இஞ்ச வந்து படுத்தா, அது அவள்தானோ எண்டு வருது. விடிய ஓடிப் போனன். எல்லாரையும் ஒரே கிடங்கு வெட்டி மண்ணுக்குள்ள தாட்டுப் போட்டாங்க அக்கா. வாயத் திறந்து அந்தத் தெத்துப்பல்லப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். எனக்குத் தொடப் பயம். என்ட பொஞ்சாதியத் தொட எனக்குப் பயம்."

"அவட மூஞ்சி உனக்குத் தெரியாதா தம்பி?"

"தெரியாமலா? மீனுட செவுளப் பாத்து எந்தக் கரை மீனெண்டு சொல்லுற எனக்கு, அவட மூஞ்சி தெரியல்லக்கா. மூஞ்சி நிக்காது. பல்லுத்தான் நிக்கும். இப்ப கடல் மட்டுமா ஆக்களக் கொண்டு போகுது? சுட்டுப் போட்டு ரோட்டில கிடக்கிறவங்கள ஆரெண்டு ஆர் சொல்லுற? உங்கள ரெண்டு பேரையும் நான் இல்லெண்டு சொல்லிரக் கூடா."

அம்மா அழுதாள். மாமாவும் அழுதார். எனக்குப் பயமாக இருந்தது, ஆனால் என்ன விஷயம் என்று பிடிபடவில்லை. மாமி எங்கேயோ இருக்கிறாள், மாமாவோடு கோபம், பல்லைக் காட்டினால் வந்துவிடுவாள் என்று நானாக ஒரு கதையைக் கட்டிக்கொண்டு தூங்கிப்போனேன்.

மறுநாள் காலையில் அம்மா முகம் கழுவி, பொட்டு வைத்து, அந்த முகாமில் அவளிடம் இருந்த ஒரே நல்ல சேலையை உடுத்தினாள். படம் பிடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு நேரே கூடாரத்துக்குப் போனாள். தானே முதலில் கதிரையில் ஏறி உட்கார்ந்து வாயைத் திறந்தாள். அது இறுகும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். கண்ணீர் மட்டும் காதுப்பக்கம் இறங்கியது. பிறகு என்னை மடியில் வைத்து, என் நெற்றியைத் தன் நெஞ்சோடு அழுத்திப் பிடித்தாள். "விழுங்கினாயோ, தோலுரிப்பன்" என்றாள். நான் விழுங்கவில்லை.

கூடவே வந்து ஓரமாகக் குந்தியிருந்த மாமா எழும்பப் பார்த்தார். அம்மா விடவில்லை.

"நீயும் இரி."

"எனக்கு என்னத்துக்கு அக்கா?"

"உன்னத் தேடுறதுக்கு வேற ஆர் இரிக்கா? நான்தானே தேடோணும்."

மாமா கதிரையில் உட்கார்ந்து, வாயைத் திறந்து அந்த அழகான பற்களைக் காட்டினார். பறங்கி ஐயா பாசி அச்சுகளுக்குள் உடனேயே வெள்ளைச் சாந்தை ஊற்றினார். வைத்திருந்தால் அச்சு சுருங்கிவிடும், வாய் சின்னதாகிவிடும் என்றார். சாந்து காய்ந்ததும் எங்கள் மூன்று பேரின் வாய்களையும் ஒரு பழைய துணியில் சுற்றித் தந்தார். கூலி வாங்கவில்லை.

மாமா அவற்றை ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் பஞ்சு வைத்து அடுக்கினார். சுனாமிக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு தெளிவை நான் கண்டது அப்போதுதான். கூரைத் தகரம் கழன்றாலும் கவலைப்படாதவர், அந்தப் பிஸ்கட் தகரத்தை யாராவது தட்டிவிட்டால் துள்ளி எழுவார். எனக்கோ அது வயதான பிறகு போட்டுக்கொள்வதற்கான பல் என்று எண்ணம். இவ்வளவு சின்னப் பல் அப்போது எனக்கு அளவாக இருக்குமா என்று ஒருமுறை அவரிடம் கேட்டேன். அவர் என் தலையை மட்டும் தடவினார். எனக்குக் கோபம் வந்தது.

அடுத்த வருஷக் கடைசியில், நாட்டில் மறுபடி மூண்ட சண்டை எங்கள் பக்கம் நெருங்கியது. வாகரைப் பக்கத்திலிருந்து செல் குண்டுகள் வெடிக்கும் சத்தம் பகலிலும் கேட்டது. அங்கிருந்து ஆட்கள் நடந்தும் தோணியிலும் வந்துகொண்டிருந்தார்கள். கொஞ்சக் காலம் களுதாவளையில் அப்பாவின் உறவினர் வீட்டில் இருப்போம் என்று அம்மா முடிவு செய்தாள். வாழைச்சேனையில் பஸ் ஏறினோம். அம்மாவிடம் உடுப்பு மூட்டை. மாமாவின் மடியில் பிஸ்கட் தகரம்.

வழியில் ஒரு செக்பொயிண்டில் எல்லோரையும் இறக்கினார்கள். வரிசையாக நின்று பையைத் திறந்து காட்ட வேண்டும். மாமாவின் தகரத்தை ஒரு ஆமிக்காரன் திறந்தான். பஞ்சுக்குள் மூன்று சோடி வெள்ளைப் பற்கள் சிரித்துக்கொண்டிருந்தன. அவன் இரண்டடி பின்னால் போனான்.

"மொனவத மே?" என்றான்.

இது என்ன என்று கேட்கிறான் என்பது எனக்கே தெரியும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் முதலில் படித்த சிங்களம் அதுதான். மாமாவுக்கு வேர்த்தது. "தத் மாத்தயா, தத்" என்று தன் பல்லைத் தட்டிக் காட்டினார். பல் என்பது அவனுக்கும் தெரிந்துதான் இருந்தது. யாருடைய பல், ஏன் தகரத்துக்குள் இருக்கிறது என்பதுதான் கேள்வி. இன்னும் இரண்டு பேர் துவக்கோடு வந்தார்கள். அம்மா என் கையை நசுக்கினாள். மாமா ஒரு பல் வரிசையை எடுத்துத் தன் வாய்க்குப் பக்கத்தில் பிடித்து ஈயென்று காட்டினார். ஆமிக்காரன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். சரியாக இருந்தது. அடுத்ததை அம்மாவின் பக்கத்தில் பிடித்தார். அதுவும் சரி. அவன் முகம் கொஞ்சம் இளகியது. கடைசியாக ஆகச் சின்னதை எடுத்து என் கன்னத்தருகே பிடித்தார்.

"மகள், சிரி."

நான் சிரித்தேன். எனக்கு மேலே முன்பல் இரண்டும் இல்லை. கீழே பழைய பல் விழுந்த இடத்தில் புதுப்பல் அகலமாக, சரிவாக முளைத்திருந்தது. மாமா பிடித்திருந்த வாயில் சின்னச் சின்ன அரிசிப் பற்கள் ஒன்றும் குறையாமல் இருந்தன.

ஆமிக்காரன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், இல்லை என்று தலையாட்டினான். இது இந்தப் பிள்ளையுடையது இல்லை என்று விரலாலும் காட்டினான். பிறகு அவனுக்கே விஷயம் விளங்கிச் சிரிப்பு வந்துவிட்டது. என் உயரத்துக்குக் கையை வைத்துக் காட்டி மற்றவர்களிடம் ஏதோ சொன்னான். வீட்டில் அவனுக்கும் இந்த வயதில் ஒன்று இருந்திருக்கலாம். போகச் சொல்லிவிட்டான். அம்மா இரண்டு கையையும் கூப்பினாள். மாமா மட்டும் அந்தச் சின்ன வாயைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

என் பற்கள் விழுந்தது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஓட்டைவாய் என்று என்னை ஊரெல்லாம் கேட்கக் கூப்பிட்டவர் அவர்தான். விழுந்த ஒவ்வொரு பல்லையும் கூரைமேல் எறிந்தவரும் அவர்தான். ஆனால் தினமும் கண்ணால் கண்டதைத் தகரத்துக்குள் இருப்பதோடு சேர்த்துப் பார்க்க அவருக்குத் தோன்றவேயில்லை. அதை ஒரு ஆமிக்காரன் நடுரோட்டில் வைத்துச் சொல்லவேண்டியிருந்தது.

பஸ்ஸில் அவர் யன்னலோரம் உட்கார்ந்து என்னை மடியில் ஏற்றிக்கொண்டார். வாயைத் திற என்றார். திறந்தேன். வெளிச்சத்துக்கு என் முகத்தைத் திருப்பித் திருப்பி, ஒவ்வொரு பல்லாக, மீன் வாங்குகிறவரைப் போல உற்றுப் பார்த்தார். மூடச் சொன்னார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி திறக்கச் சொன்னார். பஸ்ஸில் இருந்தவர்கள் பார்த்தார்கள். "விடு தம்பி" என்றாள் அம்மா. அவர் விடவில்லை. என் கழுத்தில் ஈரம் பட்டபோதுதான் அவர் அழுகிறார் என்று தெரிந்தது. பல் விழுந்ததற்கு அழவேண்டியது நான்தானே, இவர் ஏன் அழுகிறார் என்று குழம்பிப்போனேன். நான் ஏதோ பெரிய பிழை செய்துவிட்டேன் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது.

"மகள்" என்றார். "கொஞ்ச நாளைக்கு வளராம இரி, என்ன?"

"ஓம் மாமா" என்றேன்.

அவர் கேட்டது எனக்குச் சின்ன விஷயமாகத்தான் பட்டது. வளர்வதும் அம்மா ஏசுகிற என்னுடைய குழப்படிகளில் ஒன்று, மனம் வைத்தால் நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். மேலே இன்னொரு பல் அப்போது ஆடிக்கொண்டிருந்தது. அதை நாக்கால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, களுதாவளை வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.